ராகுகாலத்தில் இறங்கிய மயில்

கிரேனின் கண்ணாடி அறைக்குள் இருந்து கீழே பார்க்கிறேன். ஆடி மாதத்து வெள்ளிக்கிழமைக் காலை. என் காலுக்குக் கீழே நான்கு இரும்புச் சரக்குப் பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கின்றன. மேலே இரண்டு வெள்ளை, அதற்குக் கீழே ஒரு சிவப்பு, எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு நீலம்.

அந்த நீலப் பெட்டிக்குள் எங்கள் முருகனின் மயில் இருக்கிறது.

மேலே உள்ள மூன்றையும் எடுத்து வைக்க எனக்குக் கால் மணித்தியாலம் போதும். ஆனால் அந்த வரிசையைச் சுற்றி ஆரஞ்சுக் கூம்புகள் வைத்து மஞ்சள் நாடா கட்டிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வரை அந்தப் பக்கம் ஒரு பெட்டியும் அசையக்கூடாது.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் மயில் வாகனத் திருவிழா. அது எங்கள் வீட்டு உபயம். ரொறன்ரோவுக்கு வந்து இத்தனை வருடத்தில் எங்களுக்குக் கிடைத்த முதல் உபயம்.

பெட்டியை அங்கே மாட்ட வைத்தது வேறு யாருமில்லை. நான்தான்.

தண்டவாளம் இல்லாத ஸ்ரேசன்

சென்ற வாரம் இந்தப் பத்தியில் நான் எழுதிய, பனியில் பிரேக் உறைந்த கதையை வாசித்துவிட்டு வோபர்ன் பகுதியிலிருந்து ஒரு அன்ரி பத்திரிகை ஆசிரியர் மூலம் கேட்டிருந்தார்: "தம்பி ரயில் ஓட்டுறவரோ?" இல்லை அன்ரி. ரயில் கொண்டு வருவதை இறக்குகிறவன். சரக்கு ரயில் யார்ட்டில் கிரேன் ஓட்டுவது என் வேலை.

சொன்னால் சிரிப்பீர்கள், நான் ரயிலைப் பார்க்காமல் வளர்ந்தவன். எங்கள் ஊரில் ஸ்ரேசன் இருந்தது, தண்டவாளம் இல்லை. சண்டைக் காலத்தில் அதைக் கழற்றிப் பங்கர், அதாவது பதுங்குகுழி, கட்டக் கொண்டுபோய்விட்டார்கள். மேடையில் நின்று நாங்கள் பந்து விளையாடுவோம். அந்த மேடை எதற்குக் கட்டியது என்றே எனக்கு வெகுநாள் தெரியாது.

பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. இங்கே வந்து கோப்பை கழுவி, பேக்கரியில் மா பிசைந்து, பிறகு ஒரு நண்பர் சொல்லி யார்ட்டுக்குள் பெட்டி இழுக்கும் சின்ன ட்ரக்கில் ஏறினேன். முதல் நாள் ஒரு ரயில் வந்தது. முன்னுக்கு எஞ்சின் வந்து நின்று வெகுநேரமாகியும் பின்னால் பெட்டிகள் வந்துகொண்டே இருந்தன. இரண்டு அடுக்காகப் பெட்டி. நான் வாயைத் திறந்தபடி நின்றேன். முருகா, இந்த மனிசர் இவ்வளவும் வாங்குகினமா என்று நினைத்தேன்.

அது அன்றைய ரயில். இன்றைய ரயிலுக்கு அது தம்பி முறை.

ஒவ்வொரு வருடமும் ரயில் நீண்டது. நாட்டுக்குச் சனம் வந்தது, வந்த சனத்துக்குக் கட்டில் வேண்டும், கதிரை வேண்டும், அரிசி வேண்டும். ஆட்கள் வீட்டில் இருந்தபடியே போனில் சாமான் வாங்கப் பழகினார்கள். எல்லாம் கடைசியில் ஒரு பெட்டியாகி எங்கள் தலைமேல்தான் வந்து இறங்கும். யார்ட் மட்டும் அதே யார்ட்.

அதனால்தான் கம்பனி பெரிய முதல் போட்டு யார்ட்டைப் பெருப்பிக்கத் தொடங்கியது. புதிதாக நான்கு தண்டவாளம், இரண்டு பெரிய கிரேன், வாசலில் கூடுதலாக ட்ரக் வரிசை. கேட்க நல்லாயிருக்கும். ஆனால் கட்டுகிற காலத்தில் இருக்கிற இடமும் பாதியாகும். குசினியை இடித்துக் கட்டிக்கொண்டே அதே குசினியில் கல்யாணச் சமையல் செய்கிற மாதிரி. ரயில் எங்களுக்காக நிற்காதே.

பந்தியும் பெட்டியும்

யார்ட் நிரம்புவது எப்படி என்று என் மனைவி புவனா ஒருமுறை கேட்டாள். அன்னதானப் பந்தியைச் சொல்லித்தான் விளங்கப்படுத்தினேன்.

பந்தியில் நூறு பேர் இருக்கலாம் என்று வையுங்கள். சாப்பிட்டவர் எழும்பிப் போனால் அடுத்த நூறு பேர் வந்து இருப்பார்கள். அண்டாவில் சோறு இருக்கும்வரை பந்தி ஓடும். ஆனால் சாப்பிட்டு முடித்த நாலு பேர் இலையை மூடாமல் ஊர்க்கதை கதைத்துக்கொண்டு இருந்தால் வாசலில் சனம் நிற்கும். இன்னொரு பாய் விரித்தாலும் அவர்கள் எழும்பாவிட்டால் அதுவும் நிரம்பும்.

பெட்டியும் அப்படித்தான். ரயிலில் வந்த பெட்டியை ட்ரக்காரன் வந்து எடுத்துப் போகவேண்டும். அதற்கு நேரம் குறித்துக் கொடுப்பார்கள், ஒவ்வொரு ட்ரக்குக்கும் ஒரு மணித்தியாலம். அந்த மணித்தியாலத்துக்கு முன்பே பெட்டியை எடுத்து ஆயத்தமாக வைப்போம். ட்ரக் வராவிட்டால் அது திரும்பவும் அடுக்குக்குள் போகும். அதற்குமேல் மற்றப் பெட்டிகள் ஏறும். பிறகு தோண்டித்தான் எடுக்கவேண்டும்.

இவ்வளவும் தெரிந்த நான் என்ன செய்தேன் என்று கேளுங்கள்.

நான் உள்ளுக்குத்தானே நிக்கிறன்

எங்கள் கோயில் ஸ்காபரோவில், வாகனம் திருத்தும் கடைகளுக்கும் தரைக்குப் பதிக்கும் ரைல்ஸ் விற்கும் கடைக்கும் நடுவில் இருக்கிறது. கொடிமரம் உள்ளே, கோபுரம் சின்னன், பார்க்கிங்தான் வீதி. அதில்தான் சுவாமி வலம் வருவார். முந்தைய வருடத் திருவிழாவில் பழைய மயிலின் கால் முறிந்துபோனது. புது மயிலுக்கு ஊரில் ஒரு ஆசாரியிடம் சொன்னோம். அவர் செய்து, நல்ல நேரம் பார்த்து, சமையல் அண்டாக்கள், குத்துவிளக்குகளோடு பெட்டியில் ஏற்றி அனுப்பினார். பெட்டி கப்பலில் மேற்குக் கரைக்கு வந்து, ரயில் ஏறி, மலையும் கோதுமை வயலும் கடந்து என் யார்ட்டிலேயே வந்து இறங்கியது. சுங்க அலுவலும் முடிந்திருந்தது.

புதன்கிழமை பின்னேரம் கோயில் செயலாளர் சிவலிங்கம் அண்ணை போன் எடுத்தார்.

"தம்பி குகன், நாளைக்கு ரெண்டு மணிக்குப் பெட்டி எடுக்கலாமாம். ஜஸ்பீர் நேரம் எடுத்திட்டான்."

ஜஸ்பீர் பஞ்சாப்காரர். சொந்த ட்ரக் வைத்திருக்கிறார். யார்ட்டில் எனக்குப் பழக்கம், நான்தான் கோயிலுக்கு ஒழுங்கு செய்து கொடுத்தேன்.

நான் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருந்த நாட்காட்டியைப் பார்த்தேன். வியாழன். ஒன்றரை முதல் மூன்று.

"அண்ணை, அது ராகுகாலமெல்லே."

"அட, நான் பாக்கேல்லை. அப்ப என்ன செய்வம்?"

"வெள்ளி ஒன்பது மணிக்கு மாத்தச் சொல்லுங்கோ. ஒண்டும் ஓடிப்போகாது. நான் உள்ளுக்குத்தானே நிக்கிறன்."

அந்தக் கடைசி வார்த்தையை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது. உள்ளுக்கு நிற்பவன் என்ற பெருமை.

ஜஸ்பீர் வியாழன் காலையில் நேரத்தை மாற்றினார். ஆயத்தமாக எடுத்து வைத்திருந்த நீலப் பெட்டி திரும்ப அடுக்குக்குப் போனது. மேற்கே எங்கேயோ காட்டுத்தீப் புகையால் தாமதித்த இரண்டு ரயில்கள் அன்று பின்னேரம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேர்ந்தன. கிடைத்த இடத்தில் எல்லாம் பெட்டி வைத்தார்கள். வெள்ளி காலை நான் வேலைக்கு வந்தபோது, புதுத் தண்டவாளத்தைப் பழையதோடு பொருத்துவதற்காக மூடப்போகும் வரிசையில், மூன்று பெட்டிகளுக்கு அடியில் எங்கள் மயில் இருந்தது. ஒன்பது மணிக்கென்று எடுத்த நேரமும் செல்லாமல் போனது.

டோனாவிடம் பாவமன்னிப்பு

எங்கள் யார்ட்டில் எந்தப் பெட்டி எங்கே, எப்போது என்று தீர்மானிப்பவர் டோனா. நியூஃபவுண்ட்லாந்துத் தீவில் பிறந்த மனிசி. குரல் கிரேன் மணியைவிடப் பெரிது. அவர் ஆங்கிலத்தில் சொன்னதை நான் என் தமிழில் எழுதுகிறேன்.

மத்தியானச் சாப்பாட்டு நேரம் போய் அவர் மேசைக்கு முன் நின்றேன். சாண்ட்விச்சைக் கடித்தபடி, "என்ன?" என்றார்.

"அந்த நீலப் பெட்டி."

"எது, நேற்று ரெண்டு மணிக்குப் போகவேண்டியதே? எல்லாம் ரெடி. காலமை ஆரோ கான்சல் பண்ணிப்போட்டினம். அவையை ஒருக்கால் நேரில காணவேணும் எனக்கு. ரெண்டு வார்த்தை இருக்கு."

"சொல்லுங்கோ. நான்தான்."

அவர் கடிப்பதை நிறுத்தவில்லை. கண்ணால் மட்டும் ஏன் என்று கேட்டார்.

சொன்னேன். ஒவ்வொரு நாளும் ஒன்றரை மணித்தியாலம் ராகுவுக்கு உரியது, அந்த நேரத்தில் நாங்கள் நல்ல காரியம் தொடங்க மாட்டோம், நாளுக்கு நாள் நேரம் மாறும் என்றேன். சொல்லச் சொல்ல எனக்கே என் குரல் சின்னதாகிக்கொண்டு போனது. மனிசி சிரிப்பார் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை.

"திங்கள் எத்தினை மணி?"

"ஏழரையிலயிருந்து ஒன்பது."

"செவ்வாய்?"

"மூண்டிலயிருந்து நாலரை."

சாண்ட்விச்சை வைத்தார். கையைத் துடைத்துக்கொண்டு கணினியைத் திருப்பி எதையோ தட்டினார். பிறகு கதிரையில் சாய்ந்து கூரையைப் பார்த்தார்.

"ரெண்டு வருசமா என்னைத் தின்னுற கேள்வி இது, குகன். அரிசிப் பெட்டி, மிளகாய்த்தூள் பெட்டி, தேங்காய்ப்பால் பெட்டி. திங்கள் காலமை எடுத்த நேரத்தை விடுகினம். செவ்வாய் பின்னேரம் விடுகினம். புதன் மத்தியானம் விடுகினம். நான் பள்ளிக்கூட நேரம் எண்டு நினைச்சன். பிறகு றோட்டு நெரிசல் எண்டு நினைச்சன். மேலிடத்துக்கு நெரிசல் எண்டே எழுதியும் குடுத்திட்டன்."

"எல்லாரும் பாக்கிறேல்லை டோனா. பாக்கிறவையும் இருக்கினம்."

"ஒவ்வொரு நாளும் இந்த நேரம் ட்ரக் வரிசை சும்மா கிடக்குது. மற்ற நேரம் வாசலுக்கு வெளியில றோட்டு வரைக்கும் ட்ரக். நாங்கள் என்னடா எண்டால் புது வரிசை கட்டிக்கொண்டிருக்கிறம்." இப்போதுதான் சிரித்தார். பக்கத்து அறையில் இருந்தவர்கள் எட்டிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தார். "எழுதித் தா எனக்கு. ஏழு நாளும்."

எழுதினேன். ஒரு சங்கடம் இருந்தது, அதையும் சொன்னேன். இங்கே கோடையில் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளுவார்களே, ராகுவுக்கும் அந்த ஒரு மணித்தியாலத்தைக் கூட்டவேண்டும் என்பவர்கள் எங்கள் ஆட்களில் பாதிப்பேர். கூட்டத் தேவையில்லை என்பவர்கள் மீதி. எங்கள் கோயிலில் கூட்டுவதில்லை.

"அப்ப எது சரி?"

"அதை வைச்சு ரெண்டு கோயில் பிரிஞ்சிருக்கு. என்னைக் கேளாதேங்கோ."

கடைசி வரியில் ஞாயிறு, நாலரை முதல் ஆறு என்று எழுதினேன். எழுதிவிட்டு நிமிர்ந்தேன். டோனாவும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் விளங்கிவிட்டது.

ஞாயிறு மத்தியானம் நாடா அவிழும். ஆனால் இரண்டு நாள் மூடியிருந்த வரிசை, ஞாயிற்றுக்கிழமை எல்லா நேரமும் எடுபட்டுவிட்டது. ராகுகாலம் பார்க்கிற யாராவது அந்த நாலரை மணியை விட்டால்தான் எங்களுக்கு வழி.

"ஆரின்ர பேரும் காட்ட மாட்டன்," என்றார் டோனா. "ஒருத்தரையும் தள்ளி உன்ர பெட்டியை முன்னுக்கு விடவும் மாட்டன். ஆரும் கான்சல் பண்ணினால் அந்த நேரம் எல்லாருக்கும் திறக்கும். கணினியில முதல் அமத்துறவனுக்கு."

"அது போதும்," என்றேன். நியாயமான மனிசி. வேறு விதமாகச் சொல்லியிருந்தால் எனக்கு மதிப்புக் குறைந்திருக்கும்.

புவனாவின் கேள்வி

வீட்டுக்கு வந்து புவனாவிடம் சொன்னேன். அவள் உபயத்துக்குப் பஞ்சாமிர்தம் செய்ய வாங்கிய வாழைப்பழச் சீப்புகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். மேசையில் அழைப்பிதழ் கிடந்தது. அதில் மயிலின் படம்.

"அப்ப என்னப்பா, வியாழன் ராகுகாலம் கூடாது, ஞாயிறு ராகுகாலம் கூடுமோ?"

நான் போய் நாட்காட்டியைத் திரும்பவும் பார்த்தேன்.

"மயில் இல்லாமல் சகடை வண்டியில சுவாமி வந்தால் என்ன, முருகன் கோவிக்க மாட்டார். ஆனா ரயிலில வேலை செய்யிற ஆளின்ர உபயத்துக்கு ரயிலில வந்த சாமான் வரேல்லை எண்டு என்ர தமக்கை வருசக்கணக்காச் சொல்லிக்கொண்டு திரிவா."

"நீர் இப்ப தேத்தண்ணி போடும். நான் ஐயாவைப் போய்க் கேக்கிறன்."

குருக்கள் ஐயா பின்னேரப் பூசை முடித்து விபூதித் தட்டோடு நின்றார். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"மயில் வெளிக்கிட்டது எப்ப?"

"ரெண்டு மாதத்துக்கு முந்தி ஐயா."

"நல்ல நேரம் பாத்துத்தானே ஏத்தினது?"

"ஓம்."

"அப்ப பயணம் அண்டைக்குத் தொடங்கியாச்சு. அதுக்குப் பிறகு எத்தினை ராகுகாலம் வந்து போயிருக்கும்? கப்பல் நடுக்கடலில நிண்டு மணி பாத்ததோ? உங்கட ரயில் பாத்ததோ? தொடங்கின காரியம் நடக்கட்டும், கொண்டு வாருங்கோ." விபூதியை என் கையில் போட்டார். "இதை என்னட்டை வியாழக்கிழமையே கேட்டிருக்கலாம்."

அந்தக் கடைசி வசனம் இல்லாவிட்டால் நல்லாயிருந்திருக்கும்.

புவனா தன் பங்குக்கு ஒரு முடிவு எடுத்தாள். ஞாயிறு ராகுகாலம் முழுக்கத் துர்க்கை அம்மனுக்கு எலுமிச்சை விளக்கு ஏற்றி, அந்தச் சன்னிதியிலேயே இருப்பதாக. "நீங்கள் ராகுவுக்குப் பயப்படுங்கோ. நான் ராகுவுக்குச் சொல்லக்கூடிய ஆளைப் பிடிக்கிறன்," என்றாள்.

ஜஸ்பீரை அழைத்து ஞாயிறு நாலரை மணியைக் கண்ணில் எண்ணெய் விட்டுப் பார்த்துக்கொண்டிருக்கச் சொன்னேன்.

"அது ஃபுல்," என்றார்.

"ஆரோ ஒராள் விடுவார்."

"உனக்கு என்னெண்டு தெரியும்?"

"எங்கட ஆக்களை எனக்குத் தெரியும்."

திரையில் ஒரு நம்பர்

ஞாயிற்றுக்கிழமை லீவு எடுத்திருந்தேன். புதுத் தண்டவாளம் திறக்கிற நாள் என்று எல்லாருடைய லீவையும் மறித்துவிட்டார்கள். ஐந்து மணிக்கு விடுவதாக டோனா சொன்னார். விபூதியும் பூசிக்கொண்டு கிரேனில் ஏறினேன்.

கிரேனுக்குள் போன் கூடாது. கீழே அலுமாரியில் வைத்துப் பூட்டவேண்டும். ஆகவே வெளியில் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியாது. எனக்கு முன்னால் ஒரு சின்னத் திரை மட்டும். அடுத்து எந்தப் பெட்டியைத் தூக்கவேண்டும் என்று நம்பர் வரும். நீலப் பெட்டியின் நம்பர் எனக்குப் பாடம். ஒவ்வொரு தரமும் திரை மாறும்போது பார்ப்பேன். அது இல்லை. வேறொன்று.

பதினொரு மணி. பன்னிரண்டு மணி. மத்தியானம் நாடாவை அவிழ்த்தார்கள். சற்று நேரத்தில் முதல் ரயில் புதுத் தண்டவாளத்தில் மெல்ல ஊர்ந்து வந்தது. துரு ஏறாத புது இரும்பு, வெயிலில் பளபளத்தது. கீழே நின்றவர்கள் தொப்பியைக் கழற்றி ஆட்டினார்கள். எனக்கும் நெஞ்சு நிறைந்துதான் இருந்தது. எத்தனை வருட இடநெருக்கடி. ஆனாலும் என் கண் திரையில்.

இரண்டு மணி. மூன்று மணி. கந்தசஷ்டி கவசத்தை இரண்டு தரம் சொல்லி முடித்துவிட்டேன்.

மூன்றேகால் இருக்கும், திரை மாறியது. இரண்டு வெள்ளை, ஒரு சிவப்பு, மூன்றையும் புதுத் தளத்துக்கு மாற்றவும். அதற்குக் கீழே நாலாவது வரியில் என் நம்பர்.

முருகா என்றேன்.

பிறகு ஜஸ்பீர் சொல்லித்தான் முழுக்கதையும் தெரியும். மூன்று மணிக்குக் கொஞ்சம் முந்தி, நாலரை மணிக்காரர் ஒருவர் விட்டுவிட்டார். ஜஸ்பீர் அந்த நிமிசமே அமத்தி அந்த நேரத்தைப் பிடித்துவிட்டார். விட்டவர் யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. யாரோ ஒரு புண்ணியவான், கடைசி நேரத்தில் நாட்காட்டியைப் பார்த்திருக்கிறார்.

புதுத் தளம் வெறுமையாகக் கிடந்ததால் மேலே இருந்த மூன்றையும் வைக்க இடம் தேட வேண்டியிருக்கவில்லை. வழக்கமான நாளென்றால் அதற்கே ஒரு மணித்தியாலம் போயிருக்கும். ஒன்று, இரண்டு, மூன்று. பிறகு நீலப் பெட்டியின் நாலு மூலையிலும் கிரேனின் கொளுவிகளை இறக்கினேன். பச்சை விளக்கு எரிந்தது.

இத்தனை வருடத்தில் எத்தனை பெட்டி தூக்கியிருப்பேன் என்று எண்ணிக்கை இல்லை. ஒன்றுக்குள்ளும் என்ன இருக்கிறது என்று எனக்குச் சொல்ல மாட்டார்கள். உள்ளே இருப்பது தெரிந்து நான் தூக்கிய முதல் பெட்டி அது. நித்திரையான குழந்தையைத் தோளில் இருந்து கட்டிலுக்கு மாற்றுவது போல ஜஸ்பீரின் ட்ரக்கில் இறக்கினேன். அவர் யன்னலால் தலையை நீட்டி மேலே பார்த்துப் பெருவிரலைக் காட்டினார்.

அப்போது மணி நாலு ஐம்பது. ராகுகாலம் நடந்துகொண்டிருந்தது.

இறங்கும்போது வேறொரு நினைவும் வந்தது. நாங்கள் தூக்குகிற ஒவ்வொரு பெட்டிக்காகவும் எங்கேயோ ஒரு வீட்டில் யாரோ வழி பார்த்துக்கொண்டு இருக்கிறார்கள். பந்தியில் இலையை மூடாமல் இருந்த ஆள் நான். எனக்குப் பின்னால் எத்தனை பேரை வாசலில் நிற்க வைத்தேனோ.

ரைல்ஸ் கடைக்காரரின் ஃபோர்க்லிஃப்ற்

ஆறு மணிக்கு ட்ரக் கோயில் பார்க்கிங்குக்குள் திரும்பியது. நான் காரில் பின்னாலேயே வந்தேன். சிவலிங்கம் அண்ணை வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு போக்குவரத்துப் பொலிஸ் மாதிரிக் கையைக் காட்டிக்கொண்டு நின்றார்.

கதவைத் திறந்தோம். முன்னுக்கு அண்டா, பின்னுக்கு அண்டா, அதற்கும் பின்னால் மரச்சட்டத்துக்குள் மயில். ட்ரக்கின் உயரம் எங்கள் நெஞ்சுக்கு. சட்டத்தோடு சேர்த்துப் பார்த்தால் பத்துப் பேர் பிடித்தாலும் இறக்குவது கஷ்டம்.

"இதை யோசிக்கேல்லையே," என்றார் அண்ணை.

"நீங்கள் எதை யோசிச்சனீங்கள்?" என்று யாரோ பின்னால் கேட்டார்கள்.

நான் பக்கத்து ரைல்ஸ் கடைக்கு ஓடினேன். கடைக்காரர் போர்த்துக்கேயர், வயதானவர், கதவைப் பூட்டிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு வருடமும் எங்கள் திருவிழாவுக்குத் தன் பார்க்கிங்கையும் விட்டுத்தருகிறவர். பாரம் தூக்கும் வண்டி வேண்டும் என்று விசயத்தைச் சொன்னேன். "ஃபோர்க்லிஃப்ற் ஓட்டத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டார். நான் என் யார்ட் அட்டையைக் காட்டினேன். வண்டியின் திறப்புச் சாவியை என் கையில் வைத்தார்.

மயில் இறங்கியது. சட்டத்தை உடைத்து வைக்கோலை எடுத்தபோது முதலில் கொண்டை தெரிந்தது, பிறகு நீலக் கழுத்து, பிறகு விரித்த தோகை. ஆசாரி ஒவ்வொரு பீலிக்கும் தனித்தனிக் கண் வைத்திருந்தார். புவனா துர்க்கை சன்னிதியில் இருந்து எழுந்து வந்து, எண்ணெய்க் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு மயிலின் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினாள். அவளுடைய தமக்கை பக்கத்தில் நின்றா.

"வந்திட்டுது என்ன," என்றா தமக்கை.

"ரயிலில வந்தது," என்றாள் புவனா.

குருக்கள் ஐயா புண்ணியாகம் செய்து, கும்பநீர் தெளித்து, மயிலுக்குக் கண் திறந்தார். எட்டு மணிக்கு, இன்னும் பொழுது இருக்கும்போதே, முருகன் வள்ளி தெய்வானையோடு மயிலில் ஏறினார்.

தோளில்

வாகனத்தின் முன்தண்டில் உபயகாரருக்கு இடம். தோளுக்குத் துண்டை மடித்து வைத்துக்கொண்டு நின்றேன். எனக்குப் பின்னால் ஜஸ்பீர். ட்ரக்கை நிறுத்திவிட்டுப் போகாமல் நின்றவர், "நானும் பிடிக்கலாமா?" என்று கேட்டார். "தலைப்பாகையோட பிடிக்கலாம், செருப்பைக் கழட்டும்," என்றார் சிவலிங்கம் அண்ணை.

அரோகரா என்றார்கள். தூக்கினோம்.

எவ்வளவோ பாரம் தூக்கியிருக்கிறேன், எல்லாம் கிரேனின் இரண்டு பிடியை அசைத்து. இது தோளில் இறங்கியபோதுதான் பாரம் என்றால் என்ன என்று தெரிந்தது. வியர்வை கண்ணுக்குள் ஓடியது. தவிலும் நாதஸ்வரமும் முன்னால். பார்க்கிங்கைச் சுற்றி வடக்கு வீதி, அதாவது கோயிலின் பின்பக்கம், வந்தோம். அங்கே வேலிக்கு அப்பால் தண்டவாளம் ஓடுகிறது.

வடக்கு வீதியில் நின்று தீபம் காட்டுவது வழக்கம். ஐயா கற்பூரம் கொளுத்தப் போகும் நேரம் ஊதல் கேட்டது. எஞ்சின் வந்தது. இரண்டாவது எஞ்சின். பிறகு பெட்டிகள், இரண்டு அடுக்கு, நீலம், சிவப்பு, வெள்ளை. நாதஸ்வரக்காரர் வாசிப்பது ஒன்றும் கேட்கவில்லை. வாத்தியத்தை வாயிலிருந்து எடுத்துவிட்டார்.

ஐயா தீபத்தட்டைப் பிடித்தபடி என் பக்கம் திரும்பினார். "எவ்வளவு நேரம் எடுக்கும்?"

"நீள வண்டி ஐயா. நாலைஞ்சு நிமிசம் போகும்."

"போகட்டும். சத்தம் அடங்கக் காட்டுவம். சுவாமியும் பாக்கட்டும்."

பின்னாலிருந்து ஜஸ்பீர் மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார்: "குகன், எண்ணிக்கொள். நாளைக்கு இதெல்லாம் நீதான் இறக்கவேண்டும்."

யார்ட்டில் நின்று ஒவ்வொரு நீண்ட ரயிலையும் கண்டு கும்பிட்டவன் நான். வேலை நிலைக்கவேண்டும், ரயில் இன்னும் நீளவேண்டும் என்று எத்தனை வெள்ளிக்கிழமை கேட்டிருப்பேன். அன்று இறக்கிவைக்க வழியில்லாமல் மயிலையும் முருகனையும் தோளில் சுமந்துகொண்டு, கடகடவென்று போகிற பெட்டிகளைப் பார்த்தபடி, என் வாழ்க்கையில் முதல் தடவையாக, அப்பனே, இந்த ஒரு ரயில் மட்டும் கொஞ்சம் கட்டையாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

அவர் கேட்கவில்லை. பெட்டி வந்துகொண்டே இருந்தது. எனக்கு முன்னுக்கு நின்ற புவனா திரும்பி என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிக்கத் தொடங்கினாள்.